வட்டி அங்கே ஏறினால் நாணயம் இங்கே ஏன் இறங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்று விகிதம், வட்டி, அந்நியக் கடன் பற்றி எழுதவும் பேசவும் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கேள்விகள் மட்டும் மாறவே இல்லை. மாணவர், வங்கி ஊழியர், ஏற்றுமதி செய்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று யார் கேட்டாலும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

1. பன்னாட்டுப் பேரியல் பொருளாதாரம்னா என்ன? சாதாரணப் பொருளாதாரத்துல இல்லாதது இதுல என்ன இருக்கு?

எல்லை இருக்கிறது, அந்த எல்லையில் நாணயம் மாறுகிறது. அவ்வளவுதான் கூடுதல். ஆனால் அந்தக் கூடுதல்தான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். நாட்டுக்குள் ஒருவர் வாங்கிய கடன் இன்னொருவர் கொடுத்த கடன், இரண்டும் ஒரே நாணயத்தில். எல்லையைத் தாண்டிக் கடன் வாங்கினால் "எந்த நாணயத்தில் திருப்பித் தர வேண்டும்?" என்ற கேள்வி புதிதாக வந்துவிடுகிறது. இந்தத் துறை ஆராயும் பெரிய விபத்துகளில் பாதிக்குமேல் இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்காததால் வந்தவை என்பது என் கணிப்பு.

மாற்று விகிதம், வட்டி விகிதம், நாடுவிட்டு நாடு ஓடும் மூலதனம், மத்திய வங்கியின் பணக்கொள்கை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வேலை. தனித்தனியாகப் பார்த்தால் நான்குமே புரியாது.

2. ஒரு நாணயத்தோட விலையை யார்தான் முடிவு பண்றாங்க? அரசாங்கமா?

பெரும்பாலும் சந்தை. மத்திய வங்கிகளுக்கான வங்கியான சர்வதேசத் தீர்வு வங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை இதைக் கணக்கெடுக்கிறது. 2022 ஏப்ரல் கணக்குப்படி அந்நியச் செலாவணிச் சந்தையில் ஒரே நாளில் கைமாறியது சுமார் 7.5 லட்சம் கோடி டாலர். அந்த ஆண்டு முழுவதும் உலக நாடுகள் ஏற்றுமதி செய்த சரக்குகளின் மதிப்பு சுமார் 25 லட்சம் கோடி டாலர். அதாவது, நாணயச் சந்தையின் நான்கு நாள் வியாபாரம் ஓராண்டுச் சரக்கு வணிகத்தை விஞ்சிவிடும். ஆக, நாணயத்தை வாங்குபவர்களில் மிகப் பலர் சரக்கு வாங்க வருவதில்லை. பத்திரம், பங்கு, கடன், விகிதம் மாறினால் வரும் நட்டத்துக்குக் காப்பு ஒப்பந்தம் என்று சொத்துக்காகத்தான் வருகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான்காம் கேள்விக்குத் தேவைப்படும்.

அரசே விலையை நிர்ணயிக்கும் இடங்களும் உண்டு. ஹாங்காங் 1983 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் என்ற கணக்கில் கட்டிவைத்திருக்கிறது. இன்று 7.75க்கும் 7.85க்கும் நடுவில் மட்டும் அசைய விடுகிறது. இரண்டுக்கும் இடையில், "மிதக்கிறது", அதாவது விலை சந்தையின் கையில், என்று சொல்லிக்கொண்டே தேவைப்படும்போது மத்திய வங்கி தலையிடும் நாடுகள் ஏராளம்.

3. ஒரு டாலருக்கு நிறைய நோட்டு கொடுக்கணும்னா அது பலவீனமான நாடுதானே?

இல்லை. ஒரு குவைத் தினாருக்கு மூன்று டாலருக்கு மேல் கிடைக்கும். ஒரு டாலருக்கோ நூறு யென்னுக்கு மேல் கொடுக்க வேண்டும். இதை வைத்து ஜப்பான் ஏழை நாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எண் எத்தனை இலக்கம் என்பது வெறும் அளவுகோல் சமாசாரம். துருக்கி 2005 ஜனவரி 1 அன்று தன் லிராவிலிருந்து ஆறு பூஜ்யங்களை வெட்டியது. முந்தின இரவு பத்து லட்சம் லிரா வைத்திருந்தவர் கையில் விடிந்ததும் ஒரு புதிய லிரா. அவர் ஏழையாகவும் இல்லை, பணக்காரராகவும் இல்லை.

பார்க்க வேண்டியவை வேறு. எவ்வளவு வேகமாக மாறுகிறது? உள்நாட்டு விலைவாசியோடு ஒப்பிட்டால் என்ன? பணவீக்கம் பத்து சதவீதம் உள்ள நாட்டின் நாணயம், பணவீக்கமே இல்லாத நாட்டின் நாணயத்துக்கு எதிராக ஆண்டுக்குப் பத்து சதவீதம் இறங்கினால் உண்மையில் எதுவும் மாறவில்லை. இப்படி இரு நாட்டு விலைவாசியையும் சேர்த்துப் பார்க்கும் விகிதத்தைத்தான் உண்மை மாற்று விகிதம் என்கிறோம். விலைவாசிக்கு ஏற்ற இடத்துக்கு நாணயம் எப்போதாவது வந்து சேரும் என்ற வாங்கும் திறன் சமநிலைக் கோட்பாடு பழையது. ஆனால் அந்த "எப்போதாவது" மிக நீளம். இது பற்றிய ஆய்வுகளைக் கென்னத் ரோகாஃப் 1996இல் தொகுத்தபோது, விலகலில் பாதி குறையவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன என்று கண்டார்.

4. அமெரிக்கா வட்டியை ஏத்தினா நம்ம மாதிரி நாட்டு நாணயம் ஏன் சார் விழுது? நாம ஒண்ணுமே பண்ணலையே?

ஒரு நிதி மேலாளரின் மேசையில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் நாட்டுப் பத்திரம் 6 சதவீதம் தருகிறது, அமெரிக்கப் பத்திரம் 2 சதவீதம். உங்கள் நாணயம் ஆண்டுக்கு ஒரு சதவீதம் இறங்கும் என்று அவர் எதிர்பார்க்கிறார். அதைக் கழித்தாலும் 5 மிச்சம். 2க்கு எதிராக 5 என்றால் அந்தக் கூடுதல் மூன்றுக்காக ஆபத்தைத் தாங்கலாம். இப்போது அமெரிக்க வட்டி 5 ஆகிறது. 5க்கு எதிராக 5. ஆபத்தை எதற்காகத் தாங்க வேண்டும்? விற்கிறார். அவரைப் போல ஆயிரம் பேர் விற்கிறார்கள். நாணயம் விழுகிறது. எதுவரை விழும்? "இதற்கு மேல் விழ அதிகம் மிச்சமில்லை, இனி ஏறத்தான் வாய்ப்பு" என்று அவர்களுக்குத் தோன்றும்வரை. அதனால்தான் முதல் அடி பெரும்பாலும் தேவையைவிடப் பெரிதாக விழுகிறது. கடையில் விலைகள் மெதுவாக நகர்கின்றன, நாணயம் ஒரே நொடியில் நகர்கிறது. ருடிகர் டோர்ன்புஷ் 1976இல் கட்டுரையாக எழுதியது இந்த மிகைப் பாய்ச்சலைத்தான்.

வட்டி ஏறக்கூட வேண்டாம், பேச்சே போதும். 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பென் பெர்னான்கி, வட்டியைத் தாழ்த்தி வைக்க அது பத்திரம் வாங்கிவந்ததை வரும் கூட்டங்களில் குறைக்கத் தொடங்கலாம் என்றார். அவ்வளவுதான். உண்மையில் குறைக்கும் முடிவு டிசம்பரில்தான் வந்தது, வட்டி ஏறியது 2015 டிசம்பரில். ஆனால் அந்தக் கோடையிலேயே பிரேசில், இந்தியா, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, துருக்கி ஆகிய ஐந்தின் நாணயங்களும் அடிவாங்கி, "நொறுங்கும் ஐவர்" என்று பெயரும் வாங்கிவிட்டன. ஐந்துக்கும் பொதுவாக இருந்தது நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளியிலிருந்து ஈட்டுவதைவிட வெளியே கொடுப்பது அதிகம். அதற்குப் 13ஆம் கேள்வியில் வருகிறேன்.

5. அப்போ வட்டி கம்மியா இருக்கிற நாட்டுல கடன் வாங்கி, வட்டி அதிகமா இருக்கிற நாட்டுல போட்டா லாபம்தானே?

பாடப்புத்தகம் "லாபம் வராது" என்கிறது. அதிக வட்டி தரும் நாணயம் அதே அளவுக்கு இறங்கி, ஆதாயத்தைத் தின்றுவிட வேண்டுமாம். தரவு வேறு கதை சொல்கிறது. யூஜீன் ஃபாமா 1984இல் ஆராய்ந்தபோது, அதிக வட்டி நாணயங்கள் இறங்குவதற்குப் பதிலாகப் பல சமயம் ஏறவே செய்தன. அதனால் இந்த வியாபாரம் பல மாதங்களுக்குப் பிரமாதமாக நடக்கும். அப்புறம் ஒரு நாள் மொத்தமும் போகும். 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. கேட்டால் சிரிப்பு வரும் அளவு. ஆனால் மலிவான யென்னில் கடன் வாங்கி வெளியே போட்டிருந்தவர்கள் அவசரமாக யென்னைத் திரும்ப வாங்கினார்கள். அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு மோசமாக வந்ததும் சேர்ந்துகொள்ள, ஆகஸ்ட் 5 அன்று நிக்கெய் பங்குக் குறியீடு ஒரே நாளில் 12.4 சதவீதம் சரிந்தது.

பெரிய நிதி நிறுவனங்கள் மட்டும் மாட்டுவதில்லை. 2000களில் ஹங்கேரியில் வீட்டுக்கடன் வாங்கப் போனவருக்கு வங்கி இரண்டு தாள்களைக் காட்டியது. சொந்த நாணயமான ஃபோரிண்டில் வாங்கினால் வட்டி அதிகம், சுவிஸ் ஃபிராங்கில் வாங்கினால் பாதிக்கும் கீழே. லட்சக்கணக்கானோர் ஃபிராங்கில் கையெழுத்துப் போட்டார்கள். 2008 கோடையில் ஒரு ஃபிராங்க் 150 ஃபோரிண்டுக்கும் குறைவு. 2011இல் 240ஐத் தாண்டியது. ஒரு லட்சம் ஃபிராங்க் கடன் வைத்திருந்தவருக்கு, ஒன்றரைக் கோடி ஃபோரிண்டாக இருந்த பாக்கி 2.4 கோடியானது. இடையில் அவர் தவணை ஒன்றையும் தவறவிடவில்லை, சம்பளமும் ஃபோரிண்டில்தான். வட்டியில் மிச்சம் பிடித்தது அசலில் போனது.

2014 இறுதியில் ஹங்கேரி இந்தக் கடன்களை ஃபோரிண்டுக்கு மாற்ற ஏற்பாடு செய்தது. சில வாரங்களில், 2015 ஜனவரி 15 அன்று, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த எல்லையைச் சுவிஸ் மத்திய வங்கி முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. ஃபிராங்க் சில நிமிடங்களில் 30 சதவீதம்வரை எகிறியது. போலந்துக் குடும்பங்கள் அதே கடனோடு அன்று அப்படியே நின்றன.

6. இவ்வளவு தொல்லை எதுக்கு? மத்திய வங்கி விகிதத்தை ஒரே எண்ணுல நிறுத்தி வெச்சா என்ன?

வைக்கலாம், விலை கொடுத்தால். சர்வதேச நாணய நிதியத்தில் பணியாற்றிய மார்கஸ் ஃபிளெமிங்கும் ராபர்ட் மண்டெல்லும் 1960களின் தொடக்கத்தில் எழுதியவற்றிலிருந்து வந்த கணக்கு இது. நிலையான மாற்று விகிதம், தடையற்ற மூலதன ஓட்டம், சொந்தமாக வட்டி வைக்கும் சுதந்திரம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஹாங்காங் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு வட்டியை அமெரிக்காவிடம் விட்டுவிட்டது. சீனா நெடுங்காலம் மூலதனத்துக்கு வேலி போட்டு மற்ற இரண்டையும் ஓரளவு காத்தது. மிதக்க விட்டவர்கள் முதலாவதைக் கைவிட்டவர்கள்.

மூன்றும் வேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1992 செப்டம்பர் 16ஐப் பாருங்கள். ஐரோப்பிய மாற்று விகித ஏற்பாட்டில் பிரிட்டன் தன் பவுண்டை ஜெர்மன் மார்க்கோடு கட்டியிருந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் ஜெர்மனி பணவீக்கத்துக்குப் பயந்து வட்டியை உயரத்தில் வைத்திருந்தது. பிரிட்டனிலோ தொழில் மந்தம், அங்கே தேவைப்பட்டது குறைந்த வட்டி. பிரிட்டன் இதை நெடுநாள் தாங்காது என்று சந்தை பந்தயம் கட்டியது. அன்று காலை வட்டி 10லிருந்து 12 என்று அறிவிப்பு. பவுண்டு அசையவில்லை. பிற்பகலில், மறுநாள் முதல் 15 என்று அறிவிப்பு. அப்போதும் அசையவில்லை. மந்தத்தில் இருக்கும் நாடு 15 சதவீத வட்டியைத் தாங்காது என்று சந்தைக்குத் தெரியும், அறிவித்தவர்களுக்கும் தெரியும். இரவுக்குள் பிரிட்டன் ஏற்பாட்டைவிட்டு வெளியேறியது. 15 அமலுக்கே வரவில்லை.

7. மிதக்க விட்டாலும் சுதந்திரம் கிடைக்காதுன்னு ஒருத்தர் எழுதியிருக்காங்களே, அது சரியா?

ஹெலன் ரே. லண்டன் பிசினஸ் ஸ்கூலில் இருக்கும் பொருளாதார அறிஞர். 2013இல் ஜாக்சன் ஹோல் மாநாட்டில் அவர் வைத்த வாதம் இது: உலகெங்கும் பங்கு விலை, கடன் வளர்ச்சி, மூலதன ஓட்டம் எல்லாம் ஒரே அலையில் ஏறி இறங்குகின்றன. அமெரிக்கப் பணக்கொள்கை அந்த அலையைத் தள்ளும் முக்கிய விசைகளில் ஒன்று. ஃபெடரல் ரிசர்வ் தளர்த்தினால் உலக வங்கிகள் எங்கும் தாராளமாகக் கடன் கொடுக்கின்றன, இறுக்கினால் எங்கும் சுருக்குகின்றன. அப்படியானால் முந்தின கேள்வியில் சொன்ன மூன்று, உண்மையில் இரண்டுதான்: மூலதனத்தை ஏதாவதொரு வகையில் கட்டுப்படுத்து, இல்லையேல் சுதந்திரத்தை மற.

பாதி சரி என்பது என் கருத்து. அலை இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் மிதக்கும் நாணயம் வைத்திருப்பவர்கள் அலையில் நனைந்தாலும், கட்டி வைத்திருப்பவர்கள் அளவுக்கு மூழ்குவதில்லை என்று காட்டும் ஆய்வுகளும் நிறைய. மிதத்தல் குடை மாதிரி. சாரலைத் தடுக்கும், புயலைத் தடுக்காது.

8. உலகம் பூரா ஏன் டாலரைப் பிடிச்சுத் தொங்குது? அமெரிக்காகூட வியாபாரமே இல்லாதவங்களும்?

இந்தப் பழக்கம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். எல்லோரும் டாலரில் விலை சொல்வதால் நீங்களும் சொல்கிறீர்கள். நீங்கள் சொல்வதால் அடுத்தவரும் சொல்கிறார். 2022 கணக்குப்படி நாணய வியாபாரத்தில் 88 சதவீதத்தில் ஒரு பக்கம் டாலர். மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலும் பாதிக்கு மேல் அதுவே.

பொருளாதார அறிஞர் கீதா கோபிநாத்தும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது இதன் அடுத்த அடுக்கு. பாடப்புத்தகத்தில் ஏற்றுமதியாளர் தன் நாணயத்தில் விலை வைக்கிறார். நடைமுறையில் டாலரில் வைக்கிறார். கோபிநாத் 2015இல் எழுதியதன்படி, இந்திய இறக்குமதியில் அமெரிக்காவிலிருந்து வருவது சுமார் 5 சதவீதம், டாலரில் விலை எழுதப்படுவது 86 சதவீதம். ஆக, இரண்டு நாடுகள் தங்களுக்குள் வாங்கி விற்கும்போதுகூட அவற்றின் வணிகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் டாலருக்கு எதிரான விகிதம். அந்த இரு நாணயங்களுக்கு இடையிலான விகிதம் இரண்டாம்பட்சம்தான்.

9. நாணயம் விழுந்தா ஏற்றுமதி பெருகும், அப்போ நல்லதுதானே? ஏன் எல்லாரும் அலறுறாங்க?

பெருகலாம், மெதுவாக. முன்பே போட்ட ஒப்பந்தங்கள் பழைய விலையில் ஓடும், இறக்குமதிச் செலவு மட்டும் உடனே ஏறும். அதனால் வணிகக் கணக்கு முதலில் மோசமாகி, பிறகுதான் சீராகும். போதாததற்கு எட்டாம் பதிலில் சொன்ன டாலர் விலைப்பட்டியல். ஏற்றுமதியாளர் டாலரில் விலை வைத்திருந்தால், அவர் நாணயம் விழுந்தாலும் வாங்குபவருக்கு விலை குறையவில்லை. அவர் எதற்குக் கூடுதலாக வாங்க வேண்டும்? அதிகரிப்பது ஏற்றுமதியாளரின் லாபம், ஏற்றுமதி அளவு அவ்வளவாக இல்லை.

அலறல் இதற்காக அல்ல, கடனுக்காக. முதல் பதிலில் கேட்ட கேள்வி இங்கேதான் கடிக்கிறது. இந்தோனேசிய நிறுவனங்கள் 1990களில் டாலரில் தாராளமாகக் கடன் வாங்கின, வருமானமோ ரூபியாவில். விகிதம் பெரிதாக அசையாது என்று எல்லோரும் நம்பியதால் காப்பு எடுத்தவர்கள் குறைவு. 1997 நடுவில் ஒரு டாலர் 2,400 ரூபியா அளவில் இருந்தது. 1998 ஜனவரியில் 10,000ஐத் தாண்டியது. பத்து லட்சம் டாலர் கடன் வைத்திருந்த நிறுவனத்துக்கு 240 கோடி ரூபியாவாக இருந்த பாக்கி ஆயிரம் கோடியைத் தாண்டியது. ஆலை அதே ஆலை, ஆட்கள் அதே ஆட்கள், ஆனால் நிறுவனம் திவால். அந்த ஆண்டு இந்தோனேசியாவின் மொத்த உற்பத்தி சுமார் 13 சதவீதம் சுருங்கியது.

சொந்த நாணயத்தில் வெளியே கடன் வாங்க முடியாத இந்த நிலைக்கு பாரி ஐகென்கிரீனும் ரிக்கார்டோ ஹவுஸ்மனும் 1999இல் "ஆதிப் பாவம்" என்று பெயர் வைத்தார்கள். "மிதக்கிறோம்" என்று அறிவித்த நாடுகளும் விகிதத்தை ஏன் இறுக்கிப் பிடிக்கின்றன என்பதற்கும் இதுவே ஒரு விடை. கில்லர்மோ கால்வோவும் கார்மென் ரைன்ஹார்ட்டும் 2002இல் அதை "மிதக்கப் பயம்" என்றார்கள்.

10. கடனை அடைக்கப் பணத்தை அச்சடிச்சா போச்சு! அதுக்குத்தானே மத்திய வங்கி?

சொந்த நாணயக் கடன் என்றால் அச்சடிக்கலாம், பணவீக்கம் என்ற வட்டியைக் கட்டத் தயாராக இருந்தால். டாலர் கடன் என்றால் அச்சகம் வாஷிங்டனில் இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு, அந்த அச்சகத்தையே கடன் கேட்பது. இரண்டு மத்திய வங்கிகள் தங்கள் நாணயங்களைப் பரிமாறிக்கொண்டு, பிறகு அதே விகிதத்தில் திருப்பிக்கொள்ளும் ஒப்பந்தத்தை நாணயப் பரிமாற்ற ஏற்பாடு என்கிறோம். 2008 நெருக்கடியில் ஃபெடரல் ரிசர்வ் இதைப் பெரிய அளவில் செய்தது. 2020 மார்ச்சில் நிரந்தர ஏற்பாடுள்ள ஐந்து வங்கிகளோடு தற்காலிகமாக ஒன்பது சேர்ந்து மொத்தம் பதினான்கு. யார் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது உலக நிதியின் உண்மையான சாதி வரிசை என்று கசப்போடு சொல்லத் தோன்றும்.

11. அந்நியச் செலாவணிக் கையிருப்பு எவ்வளவு இருந்தா போதும்?

பழைய கணக்கு: மூன்று மாத இறக்குமதிக்கான பணம். 1990களின் நெருக்கடிகளுக்குப் பின் வந்த கணக்கு: ஓராண்டுக்குள் திருப்ப வேண்டிய வெளிநாட்டுக் கடன் முழுவதற்கும் ஈடு. பாப்லோ கைடோட்டி, ஆலன் கிரீன்ஸ்பான் இருவர் பெயராலும் இதை அழைப்பார்கள். இரண்டாவதுதான் எனக்கு ஏற்புடையது. நெருக்கடியில் முதலில் வாசலில் வந்து நிற்பவர் கடன் கொடுத்தவர், சரக்குக் கப்பல் அப்புறம்தான்.

அறிவிக்கப்பட்ட எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 1997இல் தாய்லாந்தின் கையிருப்பு வெளிப்பார்வைக்கு 3,000 கோடி டாலருக்கு மேல். ஆனால் நாட்டின் நாணயமான பாட்டைக் காப்பாற்ற மத்திய வங்கி, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் முன்பேர ஒப்பந்தங்களில் டாலரை ஏற்கெனவே விற்றுவைத்திருந்தது. அதைக் கழித்தால் மிஞ்சியது கொஞ்சம்தான். ஜூலை 2 அன்று பாட்டை மிதக்க விட்டார்கள்.

12. வெளிநாட்டுப் பணம் ஓடாம இருக்க வேலி போட்டா தப்பா?

ஒரு காலத்தில் தப்பு என்றார்கள். மலேசியா 1998 செப்டம்பரில் வேலி போட்டு, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டியபோது கிடைத்த கண்டனம் கொஞ்சமல்ல. நாடு எழுந்தது, உலகம் முடிந்துவிடவில்லை. வேலி போடாத அண்டை நாடுகளும் எழுந்தன. அதனால் வேலிதான் காப்பாற்றியது என்றும் சொல்லிவிட முடியாது. ஐஸ்லாந்து 2008இல் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டத்தில் இருந்தபடியே வேலி போட்டது. அதைப் பெரும்பாலும் பிரிக்கவே 2017 ஆனது. தற்காலிக வேலிதான் கடைசியில் கழற்றக் கடினமானது. 2012இல் நிதியமே, சில சூழல்களில் கட்டுப்பாடுகள் பொருந்தும் என்று எழுதிவைத்தது.

13. நடப்புக் கணக்குப் பற்றாக்குறைன்னா நாடு கடன்ல மூழ்குதுன்னு அர்த்தமா? அமெரிக்காவுக்கும் இருக்கே, அது மூழ்கலையே?

பற்றாக்குறை என்றால் நாடு சேமிப்பதைவிட அதிகம் முதலீடு செய்கிறது, வித்தியாசத்தை வெளியிலிருந்து வாங்குகிறது. ஆலை கட்ட வாங்கினால் ஒன்று, நுகர்வுக்கு வாங்கினால் வேறு. ஆஸ்திரேலியா பல பத்தாண்டுகள் பற்றாக்குறையோடே வளர்ந்தது. ஆபத்து, வந்துகொண்டிருந்த பணம் திடீரென நிற்பதில். கால்வோ "திடீர் நிறுத்தம்" என்ற பெயரில் ஆராய்ந்தது இதைத்தான். 2013இல் ஐவர் பயந்தது அதற்குத்தான்.

அமெரிக்கா தனிக் கணக்கு. அது உலகிலேயே பெரிய நிகரக் கடனாளி நாடு, ஆனாலும் பல பத்தாண்டுகளாக முதலீட்டு வருமானத்தில் மட்டும் வெளியே கட்டியதைவிட வெளியிலிருந்து அதிகம் ஈட்டியது. பியர் ஒலிவியர் குரின்ஷாவும், நாம் ஏழாம் கேள்வியில் பார்த்த ஹெலன் ரேயும் காரணத்தைக் கணக்கிட்டார்கள். அமெரிக்கா குறைந்த வட்டியில் பத்திரம் விற்றுக் கடன் வாங்கி, வெளிநாட்டுப் பங்கிலும் தொழிலிலும் அதிக ஆதாயத்துக்குப் போடுகிறது. உலகத்தின் வங்கியாளர் போல. 1960களில் பிரெஞ்சு நிதியமைச்சர் ஜிஸ்கார் தெஸ்தேன் எரிச்சலோடு "அளவுகடந்த சலுகை" என்றது இந்த நிலையைத்தான். சலுகைக்கு ஒரு கடமையும் உண்டு. 2008 போல உலகம் சரியும்போது, அமெரிக்காவின் வெளிநாட்டுப் பங்குகள் கரைகின்றன, அது விற்ற பத்திரங்களோ மதிப்பை இழப்பதில்லை. நட்டம் அமெரிக்காவுக்கு, காப்பீட்டுத் தொகை மற்றவர்களுக்கு.

14. எல்லாரும் ஒரே நாணயத்துக்கு மாறிட்டா பிரச்சினையே இல்லையே?

ஆறாம் பதிலில் சொன்ன "மூன்றில் இரண்டு" சமரசத்தின் கடைக்கோடி அது. யூரோவில் சேர்ந்த கிரீஸுக்கு நெருக்கடியில் விலை குறைக்க நாணயத்தை இறக்கும் வழி இல்லை. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும்தான் இறக்க வேண்டியிருந்தது. தன் மத்திய வங்கி தன் கட்டுப்பாட்டில் இல்லாததால் யூரோ கடனே அந்நியக் கடன்போல் ஆனது. 2012 ஜூலை 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க என்ன தேவையோ அதைச் செய்வோம் என்றார். அதற்காக அறிவிக்கப்பட்ட பத்திரக் கொள்முதல் திட்டம் இன்றுவரை பயன்படுத்தப்படவே இல்லை, ஆனாலும் வட்டிகள் இறங்கின.

15. வட்டி மாறினதாலதான் இப்படி ஆச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? எல்லாமே ஒரே நேரத்துல மாறுதே!

நான் எதிர்பார்க்கும் கேள்வி இது, கேட்பவர்கள்தான் குறைவு. மத்திய வங்கி சும்மா வட்டியை ஏற்றுவதில்லை, பொருளாதாரம் சூடானால் ஏற்றுகிறது. அப்புறம் நடப்பது வட்டியாலா, சூட்டாலா? இரண்டையும் பிரிக்காமல் போட்ட வரைபடம் எதையும் நிரூபிக்காது.

பிரிக்க ஒரு வழி, கடிகாரம். ஃபெடரல் ரிசர்வ் அறிக்கை வாஷிங்டன் நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு வெளியாகிறது. ஆய்வாளர்கள் அதற்குப் பத்து நிமிடம் முன்பும் இருபது நிமிடம் பின்பும் வட்டி முன்பேரச் சந்தையின் விலையை எடுக்கிறார்கள். சந்தை எதிர்பார்த்திருந்தது முந்தின விலையிலேயே அடங்கியிருக்கும். ஆகவே அந்த அரை மணி நேர அசைவு முழுக்க எதிர்பாராத பகுதி. பொருளாதாரம் அந்த முப்பது நிமிடத்தில் மாறியிருக்க வழியில்லை. அந்த அதிர்ச்சிகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து, பிற நாட்டு நாணயமும் கடனும் எப்படி நகர்ந்தன என்று பார்க்கிறார்கள்.

ஓட்டையில்லாத முறை அல்ல இது. வட்டி எதிர்பாராமல் ஏறினால், "நமக்குத் தெரியாத நல்ல செய்தி ஏதோ மத்திய வங்கிக்குத் தெரிந்திருக்கிறது" என்றும் சந்தை நினைக்கலாம். அப்போது அதிர்ச்சியில் வட்டியும் செய்தியும் கலந்துவிடும். இதை எப்படிப் பிரிப்பது என்று இன்னும் சண்டை நடக்கிறது.

16. இவ்வளவு தெரிஞ்ச பொருளாதார நிபுணர்களால அடுத்த மாசம் டாலர் எங்கே இருக்கும்னு சொல்ல முடியுமா?

முடியாது. 1983இல் ரிச்சர்ட் மீஸும் கென்னத் ரோகாஃபும் அன்றைய முக்கியக் கோட்பாடுகளை "இன்றைய விகிதமே நாளைக்கும்" என்ற சோம்பேறிக் கணிப்போடு மோதவிட்டார்கள். ஓராண்டுக்குட்பட்ட கணிப்புகளில் சோம்பேறியை ஒரு கோட்பாடும் தோற்கடிக்கவில்லை. நாற்பது ஆண்டு கழிந்தும் அந்தக் கட்டுரை துறையின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அடுத்த மாத விகிதம் தெரியாவிட்டாலும், விகிதம் 20 சதவீதம் விழுந்தால் யார் திவாலாவார் என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

17. (கூட்டம் முடிந்ததும் காதோரம்) பொண்ணு வெளிநாட்டுல படிக்கப் போறா. டாலரை இப்பவே வாங்கட்டுமா, இறங்கினப்புறம் வாங்கட்டுமா?

முந்தின பதிலையே திரும்பச் சொல்வேன்: இறங்குமா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குச் சொல்லும் வங்கிக்காரருக்கும் தெரியாது. கட்டணம் டாலரில், உங்கள் சம்பளம் டாலரில் இல்லை. ஹங்கேரிக் குடும்பத்தின் நிலைதான் உங்களுக்கும், அளவு மட்டும் சிறிது. கட்ட வேண்டிய தவணைகளின் தேதியை எழுதிக்கொண்டு, அதற்கு முன்பாகவே மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவையுங்கள். ஏறினாலும் இறங்கினாலும் சராசரி விலையில் முடியும். கல்விக்கடன் எடுப்பதானால், வட்டி குறைவு என்று யாராவது டாலர் கடனை நீட்டினால், அவள் படிப்பு முடிந்து எந்த நாணயத்தில் சம்பாதிப்பாள் என்பதை முதலில் கேளுங்கள்.